இடது பக்கம் இருபது எம்.எம்.

பக்தவச்சலத்துக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் மனசு ஆறும். பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். தங்கவயலில் அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிச் சம்பாதித்தார்; இவர் மேசைமேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, அதன் தலையில் எடையை ஏற்றி, எத்தனை எம்.எம். இறங்குகிறது என்று பார்த்துச் சம்பாதித்தார். அரை எம்.எம். வித்தியாசம் இருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். யார் சிபாரிசுக்கு வந்தாலும் மசியமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு ஜூன் மாதக் காலையில், தன்னுடைய பழைய வெள்ளைக் காரின் முன்னால் தெருவில் குந்தி உட்கார்ந்து, கையில் டேப்போடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

காருக்குள் யாரும் இல்லை. அவருடைய மனைவி செண்பகம் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் போனபிறகு அன்றைக்குத்தான் காரின் உறையை எடுத்தார். அதுவும் ஹெப்பகோடியில் இருக்கும் மகள் நிருபமா, "சும்மா நின்னா வண்டி கெட்டுடும்பா, எடுத்து ஒரு சுத்து ஓட்டுங்க" என்று போனில் நச்சரித்ததால். உறையை உருவியதும் கண்ணில் பட்டது. முன்பக்கம் இடது மூலை இறங்கி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரசமட்டம் கொண்டுவந்து தரையில் வைத்துப் பார்த்தார்; தரை சமம். டயரில் காற்று பார்த்தார். இரண்டிலும் ஒரே அளவு. சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்தார். இடது பக்கம் இருபது எம்.எம். கம்மி. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் இருபதுதான்.

இதில் நடுங்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மே மாதத்தில்தான் கார் இடது பக்கம் சாய்கிறது என்று அவர் முதலில் கண்டுபிடித்தார். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற அவர் ஒல்லி. இடது பக்கம் உட்காருகிற செண்பகம் எழுபத்திரண்டு கிலோ. அந்த நிமிஷமே அவர் மனசுக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் அளக்காமல் ஒன்றைச் சொல்லும் பழக்கம் கிடையாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவில் சமமான இடம் பார்த்து நிறுத்தி, அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, அளந்தார். இருபத்தெட்டு எம்.எம்.

காலி காரை அவர் அளக்கவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் முதலில் செய்திருப்பார்கள். இவர் ஸ்பிரிங் கம்பெனிக்காரர் ஆயிற்றே. சுமை ஏற்றாத ஸ்பிரிங்கை அளந்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது முப்பத்தோரு வருஷமாக அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். இங்கே சுமை செண்பகம். தான் டேப்போடு வெளியே நிற்கிறோமே, டிரைவர் சீட் காலியாக இருக்கிறதே என்பதுகூட அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

"பாத்தியா, இருபத்தெட்டு. என் வண்டியையே சாச்சிட்டியே."

"ஆமா, பாவம் உங்க வண்டி. நான் வேணா பஸ்ல வர்றேன், நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க," என்றாள் செண்பகம், சீட்டை விட்டு இறங்காமலே.

அன்றிலிருந்து அந்தக் கேலி வீட்டில் குடியேறிவிட்டது. அவள் இன்னொரு தோசை போட்டுக்கொண்டால், "வண்டிய நெனச்சிக்கோ" என்பார். சொந்தக்காரர்கள் வந்தால் இருபத்தெட்டு எம்.எம். கதையை ஆதியோடந்தமாகச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். அவள் சிரிக்கிறவரை தப்பில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த பொங்கலுக்குப் பிறகு செண்பகம் சாப்பாட்டைக் குறைத்தாள். மூன்று இட்லி இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. ராத்திரி மோர் போதும் என்றாள். ஏன் என்று அவர் கேட்டபோது, "வண்டி சாயுதுன்னு நீங்கதான சொல்றீங்க" என்றாள். மனுஷன் பூரித்துப்போனார். தன் பேச்சை ஒருத்தி காது கொடுத்துக் கேட்டு நடக்கிறாளே என்று ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏக சந்தோஷம். ஆடி மாதத்துக்குள் பதினாலு கிலோ இறங்கிவிட்டாள். மறுபடியும் முன்சீட்டில் உட்காரவைத்து டேப் பிடித்தார். இருபத்தாறு.

"ரெண்டு எம்.எம்.தான் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் கொறைக்கணும் நீ."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி உள்ளே போனாள்.

கார்த்திகையில் ஆஸ்பத்திரி. வயிற்றில் கேன்சர், ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று டாக்டர் கேட்டார். "பத்து மாசமா டயட்ல இருக்காங்க டாக்டர்" என்று சொன்னபோது பக்தவச்சலத்தின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். பங்குனியில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பார்வையோடு மூன்று மாதம் குடித்தனம் நடத்த ஒரு பிடிமானம் வேண்டாமா? அவர் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். கேலி செய்தது தப்பு, ஆனால் சொன்னது பொய் இல்லை. அளந்தேன், சாய்ந்திருந்தது, சொன்னேன். இப்போது யாரும் உட்காராத கார் அதே பக்கம் சாய்ந்து நிற்கிறது. இது அவள் போனபிறகு வந்த கோளாறு என்றால் அந்தப் பிடிமானம் நிலைக்கும். முன்னாலேயே இருந்ததென்றால், காரின் குற்றத்தை அவள்மேல் போட்டு, அவளைப் பட்டினி போட்டு, அந்தப் பட்டினிக்குள் வியாதியையும் ஒளித்துவைத்தவர் அவர். தெரியாமலே இருந்துவிட அவரால் முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஷங்கரிடம் போனார்.

ஷங்கர் பீன்யாவில் ஒரு ஷெட்டில் தனியாளாக வேலை செய்கிற மெக்கானிக். பழைய கார்களில் கெட்டிக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை காரை அவனிடம்தான் விடுவார். ரிட்டயர் ஆனபிறகு ஆயில் மாற்றுவதை எல்லாம் தானே செய்துகொண்டார். செண்பகம் இறந்த செய்தி அவனுக்குத் தெரியாது. வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனவருக்கு, அவனைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"இன்னா சார், மறந்தே பூட்டீங்க," என்றான் ஷங்கர்.

"முன்னால இடது பக்கம் இறங்கியிருக்கு. எப்பலேர்ந்துன்னு தெரியணும்."

"எதுனாலன்னு பாக்கலாம் சார், ஸ்வல்ப இருங்க."

டிக்கியில் கிடந்ததை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னான். காரைச் சிமெண்டுத் தளத்தில் முன்னும் பின்னும் இரண்டு தடவை உருட்டி, பானட்டை அமுக்கி அமுக்கி விட்டான். பிறகு நாலு மூலையையும் அளந்தான். காலி காரை அளப்பது அவனுக்கு மூச்சு விடுவதுபோல் இயல்பாக வந்தது. பக்தவச்சலம் பார்த்துக்கொண்டே நின்றார். பின்பக்கத்தில் குறை இருந்தாலும் முன்பக்கம் சாயும் என்று சொல்லி, பின்னால் நடுவில் ஜாக்கை வைத்துத் தூக்கிப் பார்த்தான். முன்பக்கச் சாய்வு அப்படியே இருந்தது. "பின்னால இல்ல. முன்னாலதான்," என்றான்.

இடது சக்கரத்தைக் கழற்றினான். ஸ்பிரிங் மேலே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. அதன் அடிச்சுற்று உட்காரும் கிண்ணத்தில் மண்ணும் எண்ணெயும் அப்பிக் கிடந்தன. கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்தான். அடிச்சுற்று ஒடிந்து, ஒடிந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது.

பக்தவச்சலம் குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். ஸ்பிரிங் ஒடிந்த முகத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புது முறிவு வெளுப்பாக மின்னும். சில மாதத்து முறிவில் துரு மெல்லிசாகப் படர்ந்திருக்கும். இது கருப்பேறி, துரு ஏடு ஏடாகக் கட்டியிருந்தது. இதையே மேசைமேல் வைத்து வேறொருவர் கேட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்குக் குறையாது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனாலும் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"மூணு மாசம் நின்ன வண்டி ஷங்கர். இப்ப ஒடிஞ்சிருக்கலாம் இல்ல?"

"இதுவா? இது ரொம்ப பழசு சார். நான்தான் அப்பவே சொன்னேனே."

"யார்கிட்ட?"

"அக்காகிட்ட." ஷங்கர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க கடைசியா வண்டி விட்ட வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சர்வீஸ் பண்ணி வண்டிய வீட்ல விட வந்தேன். நீங்க கம்பெனில இருந்தீங்க. அடிச்சுத்து ஒடிஞ்சிருக்கு, அதான் சாயுது, அடுத்த மழைக்குள்ள மாத்திடணும்னு அக்காகிட்ட சொன்னேன். அவங்க கேட்டதும் சிரிச்சாங்க பாருங்க, சுவத்தப் புடிச்சிகினு சிரிச்சாங்க. இதுக்கா இந்த மனுஷன் என்னை இந்தப் பாடு படுத்தறாருன்னாங்க."

பக்தவச்சலம் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். ஷங்கர் மேலே சொன்னான்.

"சார்கிட்ட சொல்லாத ஷங்கர், அவரே கண்டுபிடிக்கட்டும். ஊர்ல இருக்கிற ஸ்பிரிங்கெல்லாம் அளக்கறாரே, சொந்த வண்டி ஸ்பிரிங் எப்பதான் கண்ணுல படுதுன்னு பாக்கறேன்னாங்க. ஒரு மாசம் பாத்துட்டு நானே சொல்லிடறேன்னாங்க. அப்புறம் வண்டியே என் பக்கம் வரலியா, மாத்தியிருப்பீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

ஆயுத பூஜை. பக்தவச்சலம் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தார். அவள் முதல் இட்லியை ஒதுக்கியது பொங்கலுக்குப் பிறகு. அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே, கார் சாய்வது தன் எடையால் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் காருக்காக எதற்குப் பட்டினி கிடப்பாள்? அவள் டயட்டில் இல்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. ஒரு வாய்க்குமேல் வயிறு வாங்கவில்லை. ஏன் என்று கேட்ட புருஷனிடம் சொல்ல அவளுக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. எட்டு மாதமாக அவரே அதைச் சொல்லிச் சொல்லி அவள் கையில் கொடுத்திருந்தார்.

பயந்தாளா? அவர் பயந்துவிடுவார் என்று நினைத்தாளா? ரிட்டயர் ஆன புதிதில் மனுஷனைக் கலங்கடிப்பானேன் என்று தள்ளிப்போட்டாளா? இல்லை, இதையும் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாளா? கேட்க ஆள் இல்லை. பதினாலு கிலோ குறைந்து, ஐந்து எம்.எம்.மாவது ஏறவேண்டிய கார் இரண்டே எம்.எம். ஏறிய அன்றைக்கே கணக்கு உதைக்கிறது என்று எந்தக் கத்துக்குட்டியும் சொல்லியிருப்பான். அவர் டேப்பைத்தான் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைக்கணும் என்றார். அது பொய் என்று தெரிந்தே அவள் கேட்டுக்கொண்டு போனாள். அழுதுவிட்டால் தேவலை போலிருந்தது. அதுவும் வரவில்லை.

ஷங்கருக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் அடுத்த பக்கத்துச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் கார் மறு பக்கம் சாயும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும் என்று சொன்னான். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றான். அவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டு வருஷமா காத்துகினு இருப்பாங்க சார்," என்றான் ஷங்கர், நட்டைத் திருகிக்கொண்டே. "போனதும் அக்காகிட்ட சொல்லுங்க, கண்டுபிடிச்சிட்டேன்னு."

"சொல்றேன்பா," என்றார் பக்தவச்சலம்.