வெண்கலத் தேரை

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ஒர்ஸோலாவின் விரல்கள் பாதியில் நின்றன. வாசலில் எர்மெஸ் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மேலங்கி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. பைக்குள் ஏதோ கனம்.

அத்தை ஜெல்மீனாவும் அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்கப்பனோட சினேகிதன் வந்தாச்சு. அழ வந்தானோ, அள்ள வந்தானோ."

"மெதுவா, அத்தை. காதுல விழுந்துடும்."

"விழட்டுமே. என் அண்ணனுக்குக் கண்ணு போனதுலேர்ந்து தினம் சாயங்காலம் ஆஜராயிடுறான். எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நெனப்பு."

எர்மெஸ் சிலுவை போட்டுக்கொண்டு, குனிந்து நண்பனின் நெற்றியில் முத்தமிட்டார். நிமிரும்போது அவர் பார்வை ஒரு கணம் கண்ணாடி அலமாரிக்குப் போய்த் திரும்பியது. ஒர்ஸோலா அதைக் கவனித்தாள். காலையிலிருந்து அவள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பா ஆத்திலியோ பதுவா நகரத்தில் பல் வைத்தியர். சம்பாதித்ததில் வீட்டுக்குப் போக மிஞ்சியதெல்லாம் அந்த அலமாரியில் இருந்தது: நண்டு வடிவ மைக்கூடு, ஆட்டுக்கால் மனிதன் தாங்கிய விளக்கு, இன்னும் சில சின்னச் சின்ன வெண்கலங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தேரை. ஐந்நூறு வருடங்களுக்கு முன் இதே ஊரில் வார்த்தது என்பார். வீட்டுக்கு வந்த யாரும் அதைக் கையில் வாங்காமல் காபி குடித்ததில்லை. "வெண்கலத்தைக் கண்ணால மட்டும் பார்த்தா பாதிதான் பார்த்த மாதிரி" என்று சொல்லி நீட்டுவார். கூடவே ஒரு பாடமும் உண்டு. உருக்கி ஊற்றின வெண்கலம் ஆறும்போது சுருங்கும். அதனால், மூலத்திலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் எப்போதும் ஒரு நூலளவு சின்னதாகவே இருக்கும். அதன் நுணுக்கங்களும் கொஞ்சம் மழுங்கிப்போகும்.

இன்று விடியலில், கடைசியாக ஒரு முறை அப்பாவின் கையில் வைக்கலாமென்று ஒர்ஸோலா தேரையை எடுத்தாள். முதுகிலிருந்த மருக்கள் விரலில் குத்தின. சிறு வயதிலிருந்து அவள் தடவிய முதுகு தேய்ந்த சோப்பு மாதிரி வழவழப்பானது. இது அப்பாவின் தேரை இல்லை. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். அதுவும் கண் தெரியாத மனிதரின் வீட்டில்.

அத்தையிடம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெருவே கூடியிருக்கும்.

பெட்டியை மூட வந்தவர்கள் படியேறி வந்தார்கள். காபி கொடுக்க அத்தை அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். ஒர்ஸோலாவும் போவதுபோலப் போய், நடைவழியில் நின்றுகொண்டாள். அங்கிருந்த கண்ணாடியில் அறை தெரிந்தது. எர்மெஸ் அலமாரிக் கதவைத் திறந்தார். இடது கையைப் பைக்குள் விட்டார்.

"கையை வெளிய எடுங்க, மாமா."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒர்ஸோலா, நீ நெனக்கிற மாதிரி..."

"ஞாயித்துக்கிழமை தவறாம அப்பாவைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. பக்கத்துலயே முழங்கால் போட்டீங்க. எப்படி மனசு வந்துச்சு?"

எர்மெஸ் பையிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்னொரு தேரை. அவள் அதை வெடுக்கென்று எடுத்தாள். அதே வழவழப்பான முதுகு. அவள் கண் நிறைந்தது.

"இதுதான் எங்களோடது."

"ஆமாம்மா. உங்களோடதுதான். அதைத் திருப்பி வைக்கத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. அலமாரியின் பச்சைத் துணி வெயிலில் வெளுத்திருந்தது. தேரை உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பழைய பச்சையாகவே இருந்தது. கையிலிருந்ததை அதன்மேல் வைத்தாள். தடத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தியது. அதை எடுத்துவிட்டு, விடியலில் விரலைக் குத்தியதை வைத்தாள். பச்சை முழுவதும் மறைந்தது. நான்கு கால்களும் வெளுத்த துணிமேல் நூலளவு வெளியே நின்றன.

சுருங்கினதுதான் நகல் என்று அப்பா எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

ஒர்ஸோலா அந்த நூலளவை விரல்நுனியால் தடவிப் பார்த்தாள்.

"அப்போ, இந்தப் பெருசு?"

"என்னோடது. எப்பவோ விச்சென்சா ஊருல ஒரு பழைய வீட்டுச் சாமானையெல்லாம் வித்தப்போ வாங்கினேன். கையில எடுத்ததுமே புரிஞ்சுபோச்சு, உங்கப்பன்கிட்ட இருக்கிறது இதோட நகல்னு. அவன் கண்ணுல காட்டவே இல்ல. இழுப்பறையில போட்டுப் பூட்டிட்டேன்."

"பின்ன ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"கண்ணு போனதும் அவன் விரல் பார்க்க ஆரம்பிச்சுடுச்சே. 'எர்மெஸ், மரு எல்லாம் மழுங்கியிருக்குடா, வாழ்நாள் பூரா ஏமாந்துட்டேனா'ன்னு கேட்டான். சாப்பிடல, தூங்கல. என்னால தாங்க முடியல. மறுநாள் அவனோடதை எடுத்துட்டு, என்னோடதை அவன் கையில வெச்சேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"'நேத்து குளிர்ல விரல் மரத்துப்போச்சு போல. நீயாவது சொல்லக்கூடாதாடா கழுதை'ன்னு என்னைத்தான் திட்டினான்." எர்மெஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வயிறு நெறயச் சாப்பிட்டான் அன்னிக்கு."

"பொய்தானே, மாமா?"

"பொய்தான். கோவில்ல பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிட்டேன்."

"சாமியார் என்ன சொன்னார்?"

"தேரை எவ்வளவு பெருசுன்னு கேட்டார்."

இறந்த வீட்டில் சிரிக்கக்கூடாதென்று ஒர்ஸோலா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் முடியாமல், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தை உள்ளே வந்தாள். "அலமாரிகிட்ட என்ன வேலை ரெண்டு பேருக்கும்?"

"மாமா அப்பாகிட்ட விடைபெற வந்தார், அத்தை. அவருக்கும் ஒரு காபி குடுங்க."

"எல்லாருக்கும் ஊத்தியாச்சு."

"அப்போ என்னோடதைக் குடுங்க."

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒர்ஸோலா சின்னத் தேரையை அதன் பச்சைத் தடத்தில் உட்காரவைத்தாள். பெரியதைச் சற்று நேரம் அப்பாவின் விரல்களுக்கு அடியில் வைத்திருந்தாள். பெட்டியை மூட வந்தவர்களின் காலடி கேட்டதும் அதை எடுத்து எர்மெஸின் பைக்குள் போட்டு, பையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

ஆலயத்து மணி அடித்தது. தெருவோரத் தூண்வரிசையின் நிழலில் பெட்டி முன்னே போக, எல்லாரும் பின்னால் நடந்தார்கள். எர்மெஸின் மேலங்கி மறுபடியும் இடது பக்கமாகத் தொங்கியது. அத்தையின் கண் அதிலேயே இருந்தது. ஒர்ஸோலா அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, பை மறையும்படி அவர் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள்.