மூன்றடி வேலி

இங்கிலாந்தின் நோர்பரியில் ஹஸ்கெற் கிழவரின் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த கிறிஸ்துராஜாவுக்கு 1991இல் தேவைப்பட்டது ஒரேயொரு கையெழுத்து. "அயலவனை அயலவன் வெட்டிக் கொல்லும் நாட்டுக்கு இந்த நல்ல மனிதரைத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று ஹோம் ஒபிஸுக்கு, உள்துறை அமைச்சுக்கு, கடிதம் தயார். திங்கட்கிழமை தபாலில் போனால்தான் அகதி வழக்குக்கு உதவும். ஹஸ்கெற் கையெழுத்து வைப்பார், புத்தகம் முடிந்தால்.

புத்தகம், அவருடைய முன்னோரின் நெதர்கோம் என்ற சின்னத் தேவாலயப் பங்கின் வரலாறு. நூறு சனம், ஒரு கோயில், இரண்டே குடும்பம். மற்றக் குடும்பத்து ப்ரூவெற், ஓய்வுபெற்ற நீதவான், சனிக்கிழமைகளில் தேத்தண்ணிக்கு வந்து கூட இருந்து எழுதுவார். பழைய பதிவேட்டுக் கிறுக்கலை வாசிக்க, தன் ஊரான இளவாலையில் பங்குச்சாமியாரின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பிரதி எடுத்த கிறிஸ்துராஜாவை விட்டால் ஆளில்லை.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ," என்றாள் மனைவி டொலறஸ். "வேலிச்சண்டைக் கதை வந்தால் உங்களுக்கு வாய் நிக்காது."

"இங்கிலாந்திலை என்னப்பா வேலிக்கதை?"

அந்தச் சனிக்கிழமை, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 1763, தோமஸ் ப்ரூவெற், வேலியடியில் ஜோன் ஹஸ்கெற்றின் கொடுவாக்கத்தியால் வெட்டுண்டு அடக்கம்.

"தற்செயலாகப் பட்டிருக்கும்," என்றார் ஹஸ்கெற், தேத்தண்ணி ஊற்றியபடி.

"கழுத்திலை மூன்று வெட்டு எண்டு கிடக்கு, சேர்."

"ஏன் வெட்டினான்?" என்றார் ப்ரூவெற்.

மேசையில் அந்தக் காலத்துக் காணிப்படங்கள் இரண்டு கிடந்தன, ஒன்று மற்றதைவிடப் பழையது. கிறிஸ்துராஜாவின் கை தானாக அடிமட்டத்தை எடுத்தது. இரண்டிலும் கோயில் மரத்திலிருந்து வேலிவரை அளந்தான்.

"வேலி மூன்றடி தள்ளியிருக்கு. தள்ளினது ஹஸ்கெற் ஆக்கள்."

ஹஸ்கெற் நெருப்புக் கிளறும் இரும்பை எடுத்து ப்ரூவெற்றின் வலது மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்தது மாடிவரை கேட்டது. நீதவான் இடது கையால் தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கி ஹஸ்கெற்றின் தலையில் உடைத்தார். இருவரும் கட்டிப் புரண்டு புத்தக அலுமாரியைச் சாய்த்தார்கள். ஹஸ்கெற் ப்ரூவெற்றின் காதைக் கடித்தார். ப்ரூவெற் முழங்காலால் அவர் மூக்கை உடைத்தார். டொலறஸ் ஓடிவந்து இழுத்துப் பிரித்தபோது மேசையில் கிடந்த கடிதத்தின் மேல் இரத்தமும் தேத்தண்ணியும்.

"வேலி தள்ளவில்லை என்று சொல்," என்றார் ஹஸ்கெற், மூக்கைப் பொத்தியபடி. "இப்போதே கையெழுத்து வைக்கிறேன்."

டொலறஸ் புருஷனைப் பார்த்தாள். சொல்லித் துலையுங்கோ என்ற பார்வை. ரிக்கெற் எடுக்காமல் ரெயிலில் போகிறவன்தான் கிறிஸ்துராஜா. ஆனால் வேலிக் கணக்கில் பொய் வராது; அவனுடைய ஐயாவின் இரண்டு விரலை வேலிக்காகத் தறித்தவர் அவன் சொந்தச் சித்தப்பா. அவன் கிழவரை நிமிர்ந்து பார்த்தான்.

"மூன்றடிதான், சேர்."

ஹஸ்கெற் பேனாவை எறிந்தார். அது ப்ரூவெற்றின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, நனைந்த கடிதத்தை இழுத்து, இடது கையால் தன் பெயரைக் கோணலாக எழுதினார். கீழே "நீதவான்" என்றும் சேர்த்தார்.

"உங்கள் வீட்டு வேலி எவ்வளவு தள்ளினார்கள்?"

"ஒன்றரையடி, சேர்."

ப்ரூவெற் தொங்கிய காதைத் தடவிக்கொண்டார்.

"எங்களுக்கு மூன்று," என்றார், கொஞ்சம் பெருமையாக.