மூடி திறந்த பிறகு இருபது நிமிசம்

“சாப்பாட்டு மூடி திறந்த பிறகும் இருபது நிமிசம் ஒரு சனத்தைத் தட்டுப் பக்கம் போக விடமாட்டன். நூற்றிப் பத்துப் பேரும் ஆடிக்கொண்டுதான் நிப்பினம்” என்றார் ஜெயரத்தினம்.

நோர்வேயில் ஹவுகன்ஸ்டுவாக் குடியிருப்பின் அடித்தளத்தில் இருந்த அந்தக் கூட்ட அறை எத்தனையோ புளுகைக் கேட்ட அறை. பெட்டிக்குள் அடங்காத சால்மன் மீனைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தவரின் கதையைக்கூடத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. ஆனால் இதைக் கேட்டதும் சுவரில் இருந்த வெப்பமூட்டிகூட ஒருதரம் இருமிவிட்டு நின்றது.

சும்மா இல்லை. எங்கள் ஆட்களின் கொண்டாட்டத்தில் “சாப்பாடு தயார்” என்று மைக்கில் சொன்னால் அதற்குப் பிறகு ஆட்டம் என்று ஒன்று கிடையாது. மேடையில் மாப்பிள்ளை இருக்கலாம், மேயர் இருக்கலாம், பேச்சாளர் அரை வசனத்தில் நிற்கலாம். சனம் எழும்பிவிடும். பொல்லோடு வந்தவர் பொல்லை விட்டுவிட்டு வரிசையில் முன்னால் நிற்பார்.

“ஐசே, உமக்கென்ன காய்ச்சலே?” என்றார் அல்பிரட்.

அல்பிரட் ஸ்டோவ்னர் தமிழ் மூத்தோர் ஒன்றியத்தின் பொருளாளர். தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருசம் வேலை செய்தவர். ஒரு கடிதத்தைக் கையில் வாங்கினால் முத்திரையை வைத்தே நிறை சொல்லுவார். ஜெயரத்தினம் சொல்லும் எந்தக் கதையையும் பாதியாகப் பிரித்து, அந்தப் பாதியையும் நம்பாமல் விடுவது அவருடைய பழக்கம்.

பிரச்சினை இதுதான். போன வருச ஒன்றுகூடலுக்குத் திராமன் நகரத்திலிருந்து தர்மிகன் என்ற டிஜேயைக் கூலிக்குப் பிடித்தார்கள். அலுமாரி அளவில் ஒலிபெருக்கி கொண்டுவந்தான். அழைப்பிதழில் நாலு மணி, சனம் வந்தது ஐந்தேகால், சாப்பாட்டு வான் வந்தது சரியாக ஆறு. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துச் சாப்பாடு. வயிறு நிறைந்ததும் எல்லாரும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு டி-பானா ரயிலுக்கு நடந்தார்கள். பத்து மணிவரை எடுத்த மண்டபத்தில் ஏழரைக்குத் தர்மிகனும் கூட்டுகிற ஒரு தும்புத்தடியும் மட்டும் மிச்சம்.

“தனிய இருக்கிறதுகள் வருசத்திலை ஒருக்கா ஆடுவமெண்டு வருதுகள். அதுக்கும் நேரமில்லாமல் போகுது” என்றார் செயலாளர் சிறிதேவி. “வான்காரனும் ஆறுக்குப் பிந்தி வரமாட்டானாம்.”

அதற்குத்தான் ஜெயரத்தினம் அந்தப் புளுகை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றியம் சொந்தமாக ஒரு டிஜே கொன்ட்ரோலர் வாங்கட்டும், தான் வாசிக்கிறேன் என்றார். கொன்ட்ரோலர் என்றால் லப்டொப்பில் இருக்கும் பாட்டைக் கையால் ஓட்டுகிற பலகை. இரண்டு வட்டத் தட்டு, நடுவில் கட்டைகள், திருகிகள். ஜெயரத்தினம் எட்டு மாதமாகக் காணொளி பார்த்துப் படித்திருந்தார்.

அந்த எட்டு மாதமும் அவருக்கு வேறு வேலை இல்லை. இருபத்தெட்டு வருசம் டி-பானாவில் ஐந்தாம் இலக்க ரயில் ஓட்டியவர். அவர் ஓடிய தூரத்தைச் சேர்த்தால் சந்திரனுக்கு இரண்டு தரம் போய் வந்து, மூன்றாம் தரம் பாதி வழியில் தேத்தண்ணி குடிக்கலாம். ஒரு காலையில் ஆயிரம் பேர் அவர் கையை நம்பி நின்றுகொண்டே போவார்கள். பென்சன் எடுத்த பிறகு வீட்டில் கதவு மூடுகிற வேலையைக்கூட ஒருவரும் அவரிடம் கொடுக்கவில்லை. இந்தப் பலகை கிடைத்தால் மறுபடியும் நூறு பேரையாவது ஓட்டலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சிறிதேவி தீர்ப்புச் சொன்னார். ஐயாயிரம் குரோணருக்குள் வாங்கலாம். கடையில் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஜெயமண்ணை சொன்ன இருபது நிமிசம் நடந்தால் பலகையும் டிஜே வேலையும் அவருக்கு. நடக்காவிட்டால் பலகை கடைக்கு, வேலை தர்மிகனுக்கு.

“நேரம் நான் பாப்பன்” என்றார் அல்பிரட்.

சனிக்கிழமை இரண்டு பேரும் நகரத்துக்குள் இருந்த ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். அல்பிரட் ஒரு அட்டவணை செய்து கொண்டுவந்திருந்தார். முப்பத்தொரு வரிசை. விரித்தால் ஸ்டோவ்னர் சென்டரின் கார் தரிப்பிடத்தில் பாதியை மூடும்.

கடையில் நின்ற எம்மா மூன்று பலகைகளைக் காட்டினாள். முதலாவது இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. பதினாறு பொத்தான், பதினாறு நிறத்தில் வெளிச்சம். ஒன்றை அமத்தினால் கப்பல் ஊதும், இன்னொன்றை அமத்தினால் நாய் குரைக்கும். இரண்டாவது நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. வெளிச்சம் குறைவு, நாய் இல்லை. மூன்றாவது பதின்மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதை ஜெயரத்தினம் தொட்டுப் பார்த்துக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“என்ரை கணக்கிலை முதலாவதுக்கு எண்பத்தேழு புள்ளி, ரெண்டாவதுக்கு எழுபத்தொண்டு” என்றார் அல்பிரட். “பாதி விலையிலை கூடச் சாமான். இதுக்குப் பிறகும் என்ன கதை?”

“நாய்க்கு எத்தினை புள்ளி போட்டனீர்?”

“நாலு.”

“மூத்தோர் ஒன்றியத்துக்கு நாய் என்னத்துக்கு ஐசே?”

“இருக்கிறது இருக்கட்டும். விலைக்குள்ளைதானே வருது.”

ஜெயரத்தினம் முதலாவது பலகையின் வலப்பக்கத்தில் இருந்த வேகக் கட்டையைப் பிடித்தார். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டை அது. சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும். மயிரிழை நகர்த்தினார். பாட்டு ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மெதுவாகியது. மறுபடி நகர்த்தினார், மறுபடி குலுக்கல். ரயில் இப்படி நின்றால் உள்ளே நிற்கிற கிழவிகள் எல்லாம் முன்பெட்டிக்குப் பறந்திருப்பார்கள்.

இரண்டாவதின் கட்டை ஒரு சாண் நீளம். தள்ளினால் நெய்யில் போவது போலப் போயிற்று, விட்ட இடத்தில் நின்றது.

“மைக்கை எங்கே கொழுவுவது?” என்று எம்மாவைக் கேட்டார்.

“முதலாவதில் மைக்குக்கு இடம் இல்லை. வேறாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். இரண்டாவதில் உண்டு, அதற்குத் தனித் திருகியும் இருக்கிறது. மைக்கைக் கூட்டினால் பாட்டைத் தேவையான அளவு தாழ்த்தலாம், நிறுத்த வேண்டியதில்லை” என்றாள் அவள். “ஆனால் மைக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.”

“நீ தமிழரின் விருந்துக்கு வந்ததில்லை பிள்ளை” என்று ஜெயரத்தினம் நோர்வேஜிய மொழியில் சொன்னார். “எங்கள் ஆட்களுக்குப் பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மைக் வேண்டும்.”

பிறகு அல்பிரட்டைக் கண்ணை மூடிக் காலால் தாளம் போடச் சொன்னார். முதலாவது பலகையில் வேகம் குறைந்ததும் அல்பிரட் கண்ணைத் திறந்து, “இப்ப மாத்திறீர்” என்றார். இரண்டாவதில் பாட்டு நிமிசத்துக்கு நூற்றி முப்பது அடியிலிருந்து நூற்றிப் பத்துக்கு இறங்கிய பிறகும் கண் மூடியபடியே இருந்தது, காலும் கூடவே இறங்கியிருந்தது. எம்மா சிரித்துவிட்டாள்.

“கடையிலை கால் ஆட்டுறது வேறை, கறிச்சட்டிக்கு முன்னாலை கால் ஆட்டுறது வேறை” என்றார் அல்பிரட். ஆனாலும் இரண்டாவதைத்தான் வாங்கினார்கள். ஐயாயிரத்துக்குள் இருந்தபடியால் அவரால் மறுக்க முடியவில்லை. பற்றுச்சீட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அங்கேயே இருக்கட்டும், திருப்பிக் கொடுக்கும்போது தேட வேண்டியிராது என்றார்.

அடுத்த மூன்று கிழமையும் ஜெயரத்தினம் வீட்டில் ஓட்டிப் பழகினார். மனைவி மங்களேஸ்வரி குசினியில் கோப்பை கழுவுவார், இவர் இருக்கையறையிலிருந்து அந்தக் கழுவலின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். ஒருநாள் வேகம் கொஞ்சம் கூடிப்போய், மங்களேஸ்வரி பக்கத்து வீட்டுக் கோப்பைகளையும் கழுவிவிட்டதாக அவர் சொல்லித் திரிந்தார். மங்களேஸ்வரி இரண்டு கோப்பை உடைந்ததை மட்டும் ஒப்புக்கொண்டார்.

ஒன்றுகூடல் நாள் வந்தது. சனம் வழக்கம்போல ஐந்தேகாலுக்கு வந்தது. ஐந்தரைக்கு ஜெயரத்தினம் துள்ளலான பைலாப் பாட்டைப் போட்டார். ஐந்து நாற்பதுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முழங்கால் மாற்றியவர்கள், இடுப்பு மாற்றியவர்கள், டொக்டர் ஆடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் இறங்கியிருந்தார்கள். மாற்றிய முழங்கால்களை எண்ணினால் ஒரு ஆஸ்பத்திரி நடத்தலாம்.

ஆறுக்குச் சாப்பாட்டு வான் வந்தது. இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த கறி. சமையற்காரர் மூடிகளைத் திறந்தார். வாசம் மண்டபத்தின் மறு மூலைவரை போய்த் திரும்பி வந்தது. அல்பிரட் தட்டு அடுக்கிற்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஜெயரத்தினம் ஐந்து நிமிசமாக வேகக் கட்டையை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆடுகிறவர்களுக்குத் தெரியாமலே மூச்சு மீண்டிருந்தது. களைத்த ஆளுக்கு உட்கார ஒரு சாட்டு வேணும், அந்தச் சாட்டைத்தான் சாப்பாடு கொடுக்கிறது என்பது அவருடைய கணக்கு. களைப்பை முதலே எடுத்துவிட்டால் சாட்டு ஏது?

சிறிதேவி வந்து மைக்கை எடுத்தார். மற்றக் கையை வீசி, பாட்டை நிப்பாட்டச் சொல்லிச் சைகை காட்டினார். எங்கள் விருந்துகளில் இதுதான் முறை. பாட்டு நிற்கும், அறிவிப்பு வரும், அந்த அமைதியில் கால் தானாகச் சோற்றுப் பக்கம் திரும்பும்.

ஜெயரத்தினம் நிறுத்தவில்லை. மைக்கின் திருகியைக் கூட்டி, பாட்டைப் பாதிக்குத் தாழ்த்தினார். “சாப்பாடு தயார், எல்லாரும் வாங்கோ” என்ற சிறிதேவியின் குரல் தாளத்துக்கு மேல் மிதந்து போயிற்று. இன்னொரு பாட்டு அடி போலத்தான் கேட்டது. பாட்டு மெல்ல மறுபடி ஏறியது. ஒரு சனம் நகரவில்லை. முன் வரிசையில் நின்ற ஒருவர் மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தார், தாளம் அவரைச் சுற்றித் திருப்பி வந்த இடத்திலேயே விட்டது.

“என்னண்ணை, கேக்கேல்லையோ?” என்றார் சிறிதேவி.

“கேட்டது தங்கச்சி. ஆக்களுக்குந்தான் கேட்டது. பாருமன்.”

ஐந்து நிமிசம் போயிற்று, பத்துப் போயிற்று. பன்னிரண்டாம் நிமிசத்தில் அந்தப் பைலா முடியப் பார்த்தது. ஒரு நொடி இடைவெளி விட்டால் எல்லாம் போச்சு, சனம் ஆட்டிறைச்சியை நினைத்துவிடும். ஜெயரத்தினம் ஹெட்போனை ஒரு காதில் வைத்து அடுத்த பாட்டைத் தயார் செய்தார். அதன் வேகத்தை ஓடுகிற பாட்டின் வேகத்துக்குக் கொண்டுவந்தார். பனிக்காலத்தில் வழுக்குகிற தண்டவாளத்தில் பிளாட்போர்மின் கோட்டோடு கதவு சரியாக வந்து நிற்க ரயிலை நிறுத்துவதுபோல, பாட்டு மாற்றும் நடுக்கட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். ஒரு கால்கூடத் தடுமாறவில்லை.

அப்போதுதான் அல்பிரட்டின் மனைவி மக்டலீன் ஆடியபடியே தட்டு அடுக்குவரை வந்து, புருசனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

“நான் நேரம் பாக்கிறன்” என்றார் அல்பிரட்.

“ஆடிக்கொண்டு பாருங்கோ” என்றார் மக்டலீன்.

கடைசியில் அன்று முதல் தட்டை எடுத்தது சமையற்காரர்தான். கறி ஆறப்போகுது என்று கவலைப்பட்டு, பசியும் தாங்காமல், தனக்கே போட்டுக்கொண்டார். அதைக் கண்ட பிறகுதான் சனத்துக்கு வயிறு இருப்பது ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்டம். கடையில் திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. அல்பிரட் பற்றுச்சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“அண்டைக்குக் கறி கொதிச்சுக்கொண்டு இருந்தது. அதாலைதான் சனம் நிண்டது” என்றார்.

“கறி ஆறுதெண்டெல்லோ சமையற்காரர் தவிச்சவர்” என்றார் சிறிதேவி.

“எல்லாரும் வீட்டிலை சாப்பிட்டிட்டு வந்திருப்பினம்.”

“பிறகு ஒரு இடியப்பமும் மிஞ்சேல்லையே அண்ணை. சொதி கொண்டந்த வாளியும் வழிச்ச வாளி.”

அல்பிரட் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். “ஏதோ ஒரு கொஞ்ச நேரம் நிண்டதுகள்தான். இருபது நிமிசமெண்டு சொல்ல ஏலாது.”

சிறிதேவி பேனாவை எடுத்தார். “நான் அறிக்கையிலை ஒண்டு எழுத வேணும். எவ்வளவு நேரமெண்டு போட?”

“ஐம்பது நிமிசம் எண்டு போடும்” என்றார் ஜெயரத்தினம். “ஐம்பத்தைஞ்சு எண்டாலும் பிழையில்லை. நானூறு பேர் நிண்டவை.”

சிறிதேவி ஐம்பது என்று எழுதத் தொடங்கினார்.

அல்பிரட்டின் முகம் கறுத்தது. முப்பது வருசம் கடிதத்தின் நிறையைப் பிசகாமல் பார்த்த மனிதர். கண்ணுக்கு முன்னால் ஒரு பிழையான எண் ஒன்றிய அறிக்கையில் மையோடு ஏறுவதை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

“ஐம்பதில்லை” என்றார். “இருபத்தாறு. நூற்றியெட்டுப் பேர். ஆடிக்கொண்டு நானே பாத்தனான்.”

ஜெயரத்தினம் கூரையைப் பார்த்தார்.

“அப்ப நடந்ததோ அண்ணை?” என்றார் சிறிதேவி.

அல்பிரட் பற்றுச்சீட்டை மெல்ல எடுத்துச் செயலாளரின் கோப்புக்குள் வைத்தார்.

“ஓம்” என்றார். “நடந்தது. எழுதும்.”