ஒன்பது அடி, ஐந்தாம் இலக்கம்

சம்பந்தியின் தூண்டில் கோலை உடைத்தவன் நான்தான். வேறு எவரும் அதில் கை வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று காலை என் மனைவி பத்மாவதி, "வேலைக்கு வாற பிள்ளையின்ர கை பட்டிட்டுது எண்டு சொல்லுவமே?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் செய்த பிழையை வேலைக்கு வருகிறவளின் தலையில் கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை.

டொக்டர் பாலசுந்தரம் நாற்பது வருடம் ஸ்கொட்லாந்தில் இருந்தவர். அவருடைய மகன் ராகுலனுக்கும் எங்கள் மகள் ஆரணிக்கும் வரும் தை மாதம் கலியாணம். சீதனமென்று அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. கேட்காதபடியால்தான் அவருக்கு முன்னால் நான் இன்னும் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரருக்குக் கலியாணம் சொல்லப் போகும்போது அந்தக் கோலை கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் வைத்துவிட்டுப் போனார். "ரயிலில ஆரும் இதுக்கு மேல பெட்டியைத் தூக்கி வைச்சிடுவினம். உங்கட வீட்டில எண்டால் எனக்குப் பயமில்லை, அண்ணை" என்றார். அந்த வார்த்தைதான் பிறகு என்னைக் குத்திக்கொண்டிருந்தது.

நான்கு துண்டாகக் கழற்றி ஒரு குழாய்க்குள் போடும் கோல் அது. பூட்டினால் ஒன்பது அடி. நுனி ஈர்க்கை விட மெல்லியது. புழு குத்துவதில்லை, ஈயக்குண்டு கட்டுவதில்லை. இறகால் செய்த ஒரு பொய் ஈயை நூலின் பாரத்தாலேயே வீசி, மலைநாட்டு ஓடைகளில் டிரவுட் மீன் பிடிப்பார். பிடித்துவிட்டுத் திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுவார்.

ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் கருவிகள் எல்லாம் படத்துக்கு முன்னால் வரும். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவன் நான். என்னுடைய பழைய மட்டக்கருவி, ஆரணியின் கணினி, கார்ச் சாவி, குசினிக் கத்தி எல்லாம் வைத்தோம். சம்பந்தியின் கோலையும் எடுத்தேன்.

"நவராத்திரியில மீன் பிடிக்கிற தடியைச் சாமிக்கு முன்னால வைக்கிறதோ?" என்றாள் பத்மாவதி.

"சம்பந்தியின்ர சாமான். வீட்டில இருக்கேக்க அதை மட்டும் மூலையில விட ஏலாது" என்றேன்.

பொட்டு வைக்காத கருவி பூசைக்கு ஆகாது. நான்கு துண்டுகளின் நுனியிலும் சந்தனம் வைத்தேன். பிறகு, துண்டு துண்டாகக் கிடந்தால் அது கருவி அல்ல, விறகு என்று பட்டது. பூட்டிச் சுவரோடு நிறுத்தினேன்.

மறுநாள் விஜயதசமி. கழற்றப் பார்த்தால் சந்தனம் பொருத்துகளுக்குள் காய்ந்து இறுகியிருந்தது. இரண்டு கழன்றன. மூன்றாவது அசையவில்லை. "விடுங்கோ, அவரே வந்து கழட்டட்டும்" என்றாள் பத்மாவதி. நான் விடவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். பெரிய சத்தம்கூட வரவில்லை. பொருத்துக்குச் சற்று மேலே கோல் பிளந்து இரண்டாகியது.

அவர் பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அடுத்த நாள் விடிய நுவரெலியாவுக்கு மீன் பிடிக்கப் பயணம்.

ஆரணிக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நிமிடத்தில் ராகுலனுக்குப் போய்விடும். என்னுடைய பென்சன் பணத்திலிருந்து நாற்பத்தையாயிரம் எடுத்தேன். கலியாணப் பணத்தில் கை வைக்கவில்லை. உடைந்த கோலின் துண்டுகளைப் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு பஸ் ஏறினேன்.

மூன்றாவது கடையில்தான் நான் கேட்ட பொருள் என்னவென்றே விளங்கிக்கொண்டார்கள். சுவர் முழுதும் கடல் மீனுக்கான தடித்த கோல்கள். கடைக்காரர் ஷாமிலுக்கு நாற்பது வயதிருக்கும். உடைந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, இந்தச் சாமான் கொழும்புல இல்ல. சிங்கப்பூர்லேந்து எடுக்கணும். மூணு கெழம போகும். வெல மூணு லெச்சத்துக்கு மேல."

"எனக்கு இண்டைக்கு வேணும்."

"எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க?"

"நாற்பத்தையாயிரம்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை மதித்தேன். உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். "இது ரீல், நூல் எல்லாம் சேத்து இருபத்தெட்டு."

"எத்தனையாம் இலக்கம்?"

"எட்டு."

"எனக்கு ஐந்து. ஒன்பது அடி. நான்கு துண்டு."

"ஐயா மீன் புடிக்கிறவரா?"

"இல்லை."

"பொறவு எப்பிடி இவ்வளவு செல்றீங்க?"

"கோலில எழுதியிருக்கு."

இப்போது சிரித்தார். இலக்கம் நூலின் பாரத்தைக் குறிப்பது என்று விளக்கினார். எட்டு, கடலுக்கும் பெரிய மீனுக்கும். மூன்று, சின்ன ஓடைக்கு. டிரவுட்டுக்கு ஐந்துதான் எல்லாவற்றுக்கும் பொது. "ரீல் பழசு ஈக்கிதானே? அப்ப சல்லி முழுக்கக் கோலுக்கே போடுங்க" என்றார். ஐந்தாம் இலக்கத்தில் அவரிடம் இரண்டே இரண்டுதான் இருந்தன.

முதலாவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதே கரும்பச்சை. அதே வெள்ளி எழுத்து. அதே கொம்பனிப் பெயர். விலை முப்பத்தெட்டாயிரம்.

"அதுதானே இது?" என்றேன்.

ஷாமில் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஐயா கேட்டபடியால செல்றேன். பேர் மட்டுந்தான் அது. கொப்பி."

இரண்டாவது மண்ணிறக் கோல். எங்கும் கேட்டிராத ஒரு பெயர் சிறிய எழுத்தில். நாற்பத்திரண்டாயிரம்.

கைத்தொலைபேசி அடித்தது. பத்மாவதி. "அவர் கோட்டை ஸ்டேசனில இறங்கிட்டாராம். ரயில் முந்தியே வந்திட்டுது. நேர இஞ்சதான் வாறாராம். கெதியா வாங்கோ."

மணி ஒன்றரை. பச்சைக் கோலை எடுத்துக்கொண்டு போய்க் குழாய்க்குள் போட்டு மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது. எவருக்கும் எதுவும் தெரியாது. என் கை பச்சைக் கோலில்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முப்பத்துநான்கு வருடப் பழக்கம். இரண்டையும் பூட்டித் தரச் சொன்னேன். அடியில் கண்ணை வைத்து நுனிவரை பார்த்தேன். பச்சைக் கோலில் நூல் செல்லும் வளையங்கள் ஒரு கோட்டில் நிற்கவில்லை. மூன்றாவது வளையம் மயிரளவு வலப்புறம் விலகியிருந்தது. மண்ணிறக் கோலில் எல்லாம் ஒரே கோடு.

"நுனியில பாரம் கட்டிப் பாக்கலாமோ?"

ஷாமில் கடைப் பூட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டார். மண்ணிறக் கோல் நுனியிலிருந்து நடுவரை ஒரே வளைவாக இறங்கியது. பச்சைக் கோல் பொருத்துகளில் முழங்கை போல மடிந்தது.

"ஆத்தில வைச்சு உடையுமோ?" என்று கேட்டேன்.

"இண்டைக்கே ஒடையும் எண்டு செல்ல மாட்டேன். ஆனா ஐயா, மீன் இந்தப் பேர வாசிக்கப்போறதில்ல. மனுசன்தான் வாசிக்கப்போறான். நீங்க ஆருக்கு வாங்குறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரனிடம் நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வியா அது? ஆனால் ஓடைக்குள் முழங்காலளவு தண்ணீரில், பொய்ப் பெயர் எழுதிய கோலோடு சம்பந்தி நிற்பதை நினைத்தேன். அது உடைந்தால், தன்னுடையதென்று நம்பி அந்தக் கொம்பனிக்கு எழுதுவார். இது எங்களுடையதல்ல என்று அவர்கள் பதில் போடுவார்கள். நம்பி வைத்துவிட்டுப் போன மனிதரை ஊர் அறிய வெட்கப்படுத்தியவன் நானாவேன்.

"மண்ணிறத்தைக் கட்டுங்கோ" என்றேன்.

ஓட்டோவில் வந்தும் பம்பலப்பிட்டியில் நெரிசல். நான் கதவைத் திறந்தபோது அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெறும் குழாய் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. பத்மாவதி கண்ணால் ஏதோ சொன்னாள். நான் பொருட்படுத்தவில்லை.

"டொக்டர், உங்கட கோலை நான் உடைச்சுப் போட்டன்" என்றேன். பத்திரிகையைப் பிரித்துத் துண்டுகளை மேசையில் வைத்தேன். பக்கத்தில் புதியதை வைத்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். உடைந்த துண்டை எடுத்தார். விரலால் தடவினார். பொருத்தை மூக்கருகே கொண்டுபோனார். நான் இருக்கவில்லை. நின்றேன்.

"இதென்ன, சந்தனம் மணக்குது?"

சொன்னேன். பூசையில் வைத்தது, பொட்டு, பூட்டியது, முறுக்கியது, எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் புதிய கோலைப் பூட்டினார். ஒரு பொருத்து, இரண்டு, மூன்று. பல்கணிக் கதவைத் திறந்து வெளியே நீட்டி மெல்ல அசைத்தார். மறுபடி அசைத்தார். கீழே காலிக்குப் போகும் பெருந்தெருவில் ஒரு பஸ் ஓயாமல் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது.

"இதை ஆர் தெரிஞ்செடுத்தது?"

"நான்."

"என்ரை மாதிரியே பச்சையில, அதே பேரோட ஒண்டு இருந்திருக்குமே? எல்லா இடமும் விக்கிறாங்கள்."

"இருந்தது. அதில வளையம் கோணல். பாரம் கட்ட மடிஞ்சுது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "பாரம் கட்டிப் பாத்தனீங்களோ?"

"பூட்டைக் கட்டினது."

உள்ளே வந்து இருந்தார். கைத்தொலைபேசியை எடுத்தார். "அண்ணை, நீங்கள் உதொண்டும் வாங்கியிருக்கத் தேவையில்லை. கொம்பனிக்காரர் உடைஞ்ச துண்டை மாத்தித் தருவினம். எப்ப உடைஞ்சாலும். படிவம் ஒண்டு நிரப்பி அனுப்பினால் சரி."

எனக்கு முகம் சுட்டது. பத்மாவதி குசினி வாசலில் தலையில் கை வைத்தாள்.

"எப்பிடி உடைஞ்சது எண்டு கேக்கிறாங்கள்" என்று அவர் திரையை வாசித்தார். "கார்க் கதவு நெரிச்சது எண்டு போடுறன். எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை. கரைச்சல் இல்லை."

"போடவேண்டாம்."

"என்ன அண்ணை?"

"கார்க் கதவு உடைக்கேல்லை. நான் உடைச்சது. சந்தனம் எண்டு போடுங்கோ."

"ஸ்கொட்லாந்தில இருக்கிற வெள்ளைக்காரனுக்கு இதை என்னெண்டு விளங்கப்படுத்துறது?"

"நான் சொல்லுறன். நீங்கள் எழுதுங்கோ."

நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். திணைக்களத்துக்கு அறிக்கை எழுதிய அதே ஆங்கிலத்தில், வருடாந்தச் சமயக் கிரியையின் போது உரிமையாளரின் சம்பந்தியால் என்று தொடங்கினேன். அவர் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு வந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று நான் பார்க்கவில்லை.

"இடம் காணாது அண்ணை. எதை வெட்ட?"

"ஒண்டையும் வெட்டாதேங்கோ. மிச்சத்தை வேற தாளில எழுதி இணைச்சு விடுங்கோ."

அனுப்பியபின் புதிய கோலைக் கழற்றித் தன்னுடைய குழாய்க்குள் போட்டார். "நாளைக்கு இதைத்தான் கொண்டு போறன். திருப்பித் தருவன் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ."

"தந்தாலும் நான் வாங்கமாட்டன்" என்றேன்.

"அடுத்த முறை" என்றாள் பத்மாவதி, அவருடைய கோப்பையை எடுத்தபடி, "நவராத்திரிக்கு முதல் இதைக் கொண்டு போயிடுங்கோ."