கிண்ணம் காலியாகும் வரை

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நிலத்தின் மேல் இரண்டு பேருக்குக் கண். நான்காம் வகுப்பு ஆசிரியை நோஹெயா அங்கே சேம்பு, கரும்பு, மஞ்சள், ஈரப்பலா என்று ஹவாயின் பூர்வீகப் பயிர்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து நட்டு வைத்திருந்தாள். வாலிபால் பயிற்சியாளர் பெக்கெலோவுக்கு அதே இடத்தில் இன்னொரு ஆடுகளம் வேண்டும். தலைமையாசிரியையோ, "நீங்களே பேசி முடிச்சுக்குங்க, சாயங்காலம் எனக்கு ஒரே பதில்தான் வரணும்" என்று கழன்றுகொண்டார்.

பெக்கெலோ வாய் திறந்தால் அந்தத் தீவே அடங்கிவிடும். அவரை எதிர்த்து நோஹெயா எப்படிப் பேசி ஜெயிப்பாள்? தோட்டம் பறிபோனால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது?

அன்றைக்குத்தான் முதல் அறுவடை. பிள்ளைகள் சேப்பங்கிழங்கை அவித்து, இடித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெரிய மரக்கிண்ணம் நிறைய 'போயி' செய்து மூடி வைத்திருந்தார்கள்.

பெக்கெலோவுக்கு முன்னால் அவர் குரல் வந்தது. "என்ன டீச்சர், இங்க வந்து விழுற எங்க பந்துல எத்தனையைத்தான் உங்க பசங்க ஒளிச்சு வெப்பாங்க? தோட்டமா இது, திருட்டுக் கிடங்கா?"

நோஹெயாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பதிலுக்கு வாயெடுத்தவள், சட்டென்று குனிந்து கிண்ணத்தின் மூடியைத் தூக்கினாள்.

பெக்கெலோ கப்சிப். போயிக் கிண்ணம் திறந்திருந்தால் யாரும் சண்டை போடக் கூடாது என்பது ஹவாய் மக்களின் வழக்கம். அவர்கள் புராணப்படி, சேம்பு அவர்கள் குலத்துக்கே மூத்த அண்ணன். அண்ணன் முன்னால் குரலை உயர்த்துவார்களா?

"இது அநியாயம்மா" என்றார், கிசுகிசுப்பாக.

"சாப்பிடுங்க அங்கிள்" என்றாள், தேன் ஒழுக. நாள் கணக்காகச் சேர்த்து வைத்த சூடான பதில்களை அவளும் விழுங்கத்தான் வேண்டியிருந்தது.

"கிண்ணம் காலியாகட்டும், அப்புறம் இருக்கு" என்று சிரித்த முகமாகவே சொல்லி, இரண்டு விரலை விட்டு வழித்தார். சீக்கிரம் முடித்துவிட்டுச் சண்டையைத் தொடர வேண்டுமே! பிள்ளைகளுக்குத் திக்கென்றது.

"மெதுவா அங்கிள், பொரையேறிடும்!" என்று கஹியாவு என்ற வாண்டு கெஞ்சினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை தானாகவே வேகம் குறைந்தது. யாரோ கருவாட்டை நீட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"யாரு இடிச்சது? கட்டியே இல்லையே."

"நாங்கதான்!"

கிண்ணத்தின் அடி தெரிந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்து நக்கினார். இனி அவரைத் தடுக்க ஒன்றும் இல்லை. நோஹெயா காலிக் கிண்ணத்தையே பார்த்தாள்.

பெக்கெலோ தொண்டையைச் செருமினார். "அடுத்த அறுவடை எப்போ?"

"இன்னிக்கு நட்டா, ஒரு வருஷம் ஆகும். நிலம் இருந்தா."

"ஒரு வருஷமா!" என்று அலறியே விட்டார். "அதுவும் இந்தத் துக்குணூண்டு இடத்துலயா? எங்க டீமுல பன்னெண்டு பேரு இருக்காங்க, அவங்க எதைத் தின்பாங்க? டேய் பசங்களா, மம்பட்டி எங்கடா? வேலி வரைக்கும் கொத்துங்க. தலைமையாசிரியைகிட்ட நான் பேசிக்கறேன்."

நோஹெயா சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுக்க ஓடினாள். அவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.