சண்டைக்கு ஓர் அறை

அந்தப் பண்ணை வீட்டில் குடும்பத்தார் யாராவது இருவர் சண்டை போட்டால், சண்டையின் சூடு ஆறுவதற்குள் ஓர் அறை முளைத்துவிடும். முதல் அறை வெங்காயத்தால் வந்தது. வீட்டைக் கட்டிய கொள்ளுத்தாத்தா அதை ஒரே நீளக் கூடமாகத்தான் கட்டியிருந்தார். கதவு, தடுப்பு என்பதெல்லாம் மரத்துக்குப் பிடித்த கேடு என்பது அவர் எண்ணம். அந்த வருஷம் விளைந்த வெங்காயத்தை அவர் கட்டிலைச் சுற்றிப் பரப்பினார். "படுக்கிற இடத்துல வெங்காயம் காயப் போட்டா மனுஷி எங்க படுக்கறது?" என்று கேட்டாள் அவர் மனைவி. "வேற எங்க போடறது, என் தலையிலயா?" என்றார் அவர். "போடலாமே, அங்கதான் ஒண்ணும் இல்லாம காலியா இருக்கு" என்றாள் அவள். உடனே கிழக்குச் சுவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தது. அங்கே ஒன்பதடிக்குப் பதினோரடியில், சுண்ணாம்பு ஈரம்கூடக் காயாமல், கதவும் ஜன்னலுமாக ஓர் அறை நின்றது. அவள் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே நின்ற கொள்ளுத்தாத்தா தூக்குக்குண்டு கட்டிச் சுவரைச் சோதித்துப் பார்த்தார். அவர் கட்டிய நான்கு சுவர்களையும்விட அது நேராக இருந்தது. மனைவி சொன்னதைக்கூட மறந்துவிட்டார். அந்தச் சுவர் அவ்வளவு நேராக இருந்ததை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

அதையும் சேர்த்து மூன்று தலைமுறைகளில் நாற்பத்து மூன்று அறைகள் வந்தன. வெங்காய அறை, குதிரையை விற்ற அறை, கடிதத்தைப் பிரித்த அறை, நான்தான் அப்பவே சொன்னேனே அறை என்று ஒவ்வொன்றும் அதற்குக் காரணமான சண்டையின் பெயரால் அழைக்கப்பட்டது. பெரிய சண்டைக்குப் பெரிய அறை. சில்லறை வாக்குவாதத்துக்கு அலமாரி. பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் விளக்கு வைக்கும் அளவுக்கு ஒரு மாடம். தபால்காரர் அந்த வீட்டுக்குக் கடிதம் வந்தால் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். அறுவடைக்கு உதவ வந்த ஒரு மாமா வீட்டுக்குள்ளேயே வழி தவறிவிட்டார். நாலு நாள் கழித்துப் புகையிலை வாசனையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், யாருக்கும் தெரியாத ஒரு சரக்கறையில் உட்கார்ந்து, போன தடவை வந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருந்தார். பெண் கொடுக்க வருகிறவர்களிடம் எதையும் ஒளிப்பதில்லை. கிணறு இவ்வளவு ஆழம், மாடு இத்தனை, அறைகள் இப்படி வரும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வந்தவர்களும் கிணற்றைப் பற்றித்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் இரண்டு மூன்று அறைகள் இருந்தன. ஓர் அறைகூட இல்லாதவள் பஞ்சு மட்டும்தான். அது அவளுடைய பெயரில்லை. அவள் நடந்தாலும் சத்தம் வராது, பாத்திரம் கழுவினாலும் சத்தம் வராது என்பதால் வந்த பெயர். ஏழு வயதில் அவள் ஒரு நாள் காலையில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடந்த சண்டையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் இருவருக்கும் நடுவில் பதினோரு கதவுகள் வந்துவிட்டன. அப்பாவிடம் உப்பு போதுமா என்று கேட்க அம்மா பதினோரு கதவுகளைத் திறந்துகொண்டு போனாள். போய்ச் சேர்ந்தபோது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். அன்றிலிருந்து பஞ்சு யாரிடமும் வாய் திறந்து மறுத்துப் பேசியதில்லை. பேசினால் தனியாக ஒரு சுவருக்குப் பின்னால் போய்விடுவோம் என்ற பயம் அவளுக்கு ஐம்பத்தோரு வயதிலும் போகவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயதில் விதை வியாபாரி வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். அதைப் பற்றி அப்பாவும் அண்ணனும் சண்டை போட்டதில் இரண்டு அறைகள் வந்தன, சம்பந்தம் வரவில்லை. அவள் தானிய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த வழியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தாள். காலையில் எழுந்ததும் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, வருகிறவர் போகிறவருக்கு வழி விடுவாள்.

அம்மா முன்பே போயிருந்தாள். அப்பாவும் போன பிறகு, அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரிப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. பஞ்சுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவளுக்கென்ன, ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க" என்றார் அண்ணன். தம்பி சரி என்றான். பஞ்சு அப்போது பக்கத்தில் நின்று அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அளப்பதற்கு ஒரு சர்வேயர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, தடித்த கண்ணாடி, காதுக்குப் பின்னால் பென்சில். முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அவர் வரைந்த எந்தப் படத்தையும் யாரும் தப்பென்று சொன்னதில்லை. முதல் நாள் நாற்பத்து மூன்று அறைகளைக் கணக்கெடுத்தார். மறுநாள் கிணறு யாருக்கு என்று அண்ணன் தம்பி மோதிக்கொண்டதில் நாற்பத்து நான்கானது. அதற்கு மறுநாள் கிணற்றின் வாளி யாருக்கு என்பதில் நாற்பத்தைந்து. "ஐயா, கும்பிட்டுக் கேக்கறேன், நான் வரைஞ்சு முடிக்கற வரைக்கும் கொஞ்சம் ஒத்துமையா இருங்க" என்றார் சர்வேயர். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். "நீங்க சொல்றதுதான் சரி" என்றான் தம்பி. "இல்லப்பா, நீ சொல்றதுதான் சரி" என்றார் அண்ணன். "அது எப்படி, நீங்கதான் சரி." "நான் ஒருதடவை சொன்னா கேக்க மாட்டியா, நீதான்டா சரி!" கூடத்தின் ஓரத்தில் ஒரு குளியலறை வந்தது. சர்வேயர் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் வழி தவறாமல் நடக்கத் தெரிந்தவள் பஞ்சு ஒருத்திதான். சர்வேயர் எந்த மூலையில் மாட்டிக்கொண்டிருந்தாலும் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, கேட்காமலேயே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். சத்தமில்லாமல் வருகிறவள்தான், ஆனால் நாலாவது நாளிலிருந்து அவள் வாசலுக்கு வரும் முன்பே சர்வேயர் தலையை நிமிர்த்திப் பார்க்க ஆரம்பித்தார். "பதினாலே கால்" என்பார் அவர். "பதினாலே கால்" என்பாள் அவள். ஒன்பது நாட்கள் இருவரும் வேறெதுவும் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சை நினைத்தால் பஞ்சுவுக்குப் பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்தார்கள். அண்ணனும் அண்ணியும் தம்பியும் அவரவர் அறைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு எட்டிப் பார்த்தாள். தானிய அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் பொடி எழுத்தில் 'காலி வழி' என்று எழுதியிருந்தது.

"சார், அங்க நான் படுக்கறேன்" என்றாள்.

"தெரியும்மா. ஆனா ரெண்டு பக்கமும் திறந்திருந்தா அது அறை இல்ல. வழின்னுதான் போடணும்."

"முப்பது வருஷமா படுக்கறேன்."

"எழுபது வருஷம் படுத்தாலும் வழி வழிதாம்மா. விதி அப்படி."

பஞ்சுவின் காது மடல்கள் சூடாயின. வாய் தானாகத் திறந்தது. "ஒம்பது நாளா டேப்போட அந்தப் பக்கத்தைப் புடிச்சது யாரு? அந்தக் காலி வழியா புடிச்சுது?"

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சுவின் குரல் அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சர்வேயருக்கும் முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நான் இருக்கறதைத்தான் வரைய முடியும்! இருக்கணும்னு ஆசைப்படறதை எல்லாம் வரைய முடியாது!"

"இருக்கறது தெரியலேன்னா கண்ணாடிய மாத்துங்க!"

மேலே ஓடுகள் தொண்டையைக் கனைத்தன. எல்லோரும் முற்றத்துக்கு ஓடினார்கள். அதுவரை மாடியே இல்லாத வீட்டின் கூரைமேல், நாலு பக்கமும் ஜன்னலோடு ஓர் அறை உட்கார்ந்திருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. அண்ணன் அதை அண்ணாந்து பார்த்தார். "எண்ணெய்க்காரன் பதினோரு வருஷம் அப்பாகூட மல்லுக்கட்டினான். அவனுக்கு ஒரு மாடம்கூட வரலையே" என்றார். "வெளியாளோட சண்டை போட்டு இந்த வீட்ல அறை வந்ததே இல்ல." அண்ணி சர்வேயரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ இவர் வெளியாள் இல்லேன்னு வீடு சொல்லுது" என்றாள். சர்வேயரின் பென்சில் காதிலிருந்து கீழே விழுந்தது. "சாருக்குக் குடும்பம்?" என்று கேட்டார் அண்ணன். "இல்லைங்க. அளந்துகிட்டே இருந்துட்டேன்" என்றார் சர்வேயர், பென்சிலைத் தேடுகிற பாவனையில் குனிந்தபடி.

தம்பி அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தான். "அக்கா, இந்த வயசுல இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

பஞ்சு அவன் பக்கம் திரும்பினாள். ஒன்பது வயதில் அவன் உடைத்த பொம்மையிலிருந்து ஆரம்பித்தாள். பொம்மைக்கு ஓர் அறை வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தியதற்கு ஒன்று, அது நல்ல விசாலமாக. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வேண்டுமா என்று யாரும் கேட்காததற்கு ஒன்று. ஆறு மாசம் இங்க ஆறு மாசம் அங்க என்றதற்கு ஒரே வீச்சில் இரண்டு, நடுவில் ஒரு தாழ்வாரத்தோடு. சோளம் பொரிவது போல அறைகள் பொரிந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்தன. வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பத்தாவது அறைக்குப் பிறகு பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திட்டினாள், மூச்சு வாங்கத் திட்டினாள், கண்ணில் தண்ணீர் வழியத் திட்டினாள். "அந்தக் கம்பளி விஷயத்தையும் சொல்லு, விடாதே!" என்று அண்ணி கைதட்டினாள். பிறகு அவளுக்கும் ஆசை வந்து புருஷனைப் பார்த்து மூன்று வார்த்தை கேட்டு, மூன்று அறைகளைத் தன் பங்குக்கு ஏற்றினாள். சர்வேயர் நோட்டும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, "பதினேழு! பதினெட்டு! அம்மா, கொஞ்சம் நிதானமா, பதினெட்டுக்கு ஜன்னல் எத்தனைன்னு பாக்கலை!" என்று கத்தினார்.

பத்தொன்பதாவது, விதை வியாபாரி வீட்டுக் கடிதத்தைப் பற்றியது. அவர்கள் இரண்டாம் தடவை கடிதம் எழுதியும் கேட்டார்கள் என்று பஞ்சுவுக்குத் தெரியும். யார் மறைத்தார்கள் என்பதும் தெரியும். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை, குரலும் உயரவில்லை. அந்த அறை சத்தமே இல்லாமல் வந்தது. அண்ணன் முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் ஒளிச்சேன். நீ போயிட்டா வீட்டை யார் பாத்துக்கறதுன்னு நினைச்சேன். தப்புதான், பஞ்சு. என்னை மன்னிச்சிடு" என்றார்.

அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சுவர்களில் எல்லாம், ஒன்றுக்கு நேராக ஒன்றாக, ஆளுயரத்துக்குத் திறப்புகள் விழுந்தன. வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறத்துக் கன்றுக்குட்டி வரை தெரிந்தது. மூன்று தலைமுறையாக வெளியே போக வழி தெரியாமல் இருந்த காற்று அத்தனையும் ஒரே மூச்சில் வெளியேறியதில் முற்றத்தில் காய்ந்த துணிகள் பக்கத்து வயலில் போய் விழுந்தன.

பாகப்பிரிவினை நடக்கவில்லை. எங்கே கோடு போட்டாலும் அது யாராவது ஒருவரின் கட்டில் வழியாகப் போனது. சர்வேயர் அலுவலகத்துக்கு அனுப்பிய படத்தில் கீழே ஒரு குறிப்பு எழுதினார்: 'மேற்படி வீடு இன்னும் முடியவில்லை.' அந்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் அவரும் பஞ்சுவும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட்டான். பேனா யாருடையது என்பதில் அண்ணனோடு சின்னதாகத் தகராறு செய்தான். வீடு தூரத்தில் இருந்ததால் ஒன்றும் வரவில்லை என்று நினைத்தார்கள்; திரும்பி வந்து பார்த்தால் ஒரு செருப்பு அலமாரி காத்திருந்தது. கூரைமேல் இருந்த அறைக்குத் தச்சர் ஏணி செய்து கொடுத்தார். இருவரும் அங்கே குடியேறினார்கள். விளக்கை எந்தப் பக்கம் வைப்பது, மழைக்கு எந்த ஜன்னலை முதலில் மூடுவது என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சண்டை போட்டார்கள். அதில் வந்த அறைகளில் மூன்று தானியத்துக்கும் ஒன்று கோழிகளுக்கும் உதவின.

நாலு வருஷம் கழித்து மேலதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சர்வேயர் அனுப்பிய படத்தில் சுவர்களால் தாங்கக்கூடியதைவிட அறைகள் அதிகமாக உள்ளன, இது சாத்தியமில்லை, தக்க விளக்கம் தரவும் என்று எழுதியிருந்தது. காலை டீயின்போது பஞ்சு அதை உரக்கப் படித்தாள். மரியாதையாக விளக்கி ஒரு பதில் எழுத வேண்டும் என்றார் சர்வேயர். "நாலு வருஷம் தூங்கிட்டு இப்ப கேக்கறவங்களுக்கு என்ன விளக்கம்? வந்து பாக்கச் சொல்லுங்க" என்றாள் பஞ்சு. முடியாது என்றார் அவர். முடியும் என்றாள் அவள். கிழக்குப் பக்கம் ஒரு பால்கனி வந்தது. கைப்பிடிக் கம்பியில் வார்னிஷ் இன்னும் ஒட்டியது. உள்ளே புழுக்கமாக இருந்ததால் இருவரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து மீதி டீயைக் குடித்தார்கள்.