சுத்தியல் பிடிக்கிற கை

எங்கள் மரப்பட்டறையில் நகம் கறுக்காத ஆளே கிடையாது. யாராவது அடிபட்டு விரலை உதறினால், "இன்னிக்குத்தான் நீ தச்சன்" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பட்டறை என் கணவருடையது; பாலிஷ் வேலை என்னுடையது.

அவருடைய கட்டைவிரல் நகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புக் கோடு. முதலில் பென்சில் கோடு அளவுக்குத்தான் இருந்தது. வலி கிடையாது.

"டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"பாக்கலாம், பாக்கலாம். அடிபட்டதுக்கெல்லாம் ஓடினா, பட்டறைய ஆஸ்பத்திரியிலதான் போடணும்."

கொழுந்தன் ஒத்து ஊதினான். "விடுங்க அண்ணி, நகம் வளர வளர தானா போயிரும்."

இரண்டு வருஷம் நகம் வளர்ந்தது, இவர் வெட்டினார். கோடு மட்டும் போகவில்லை, அகலமானது. கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கியபிறகுதான் இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

"எப்படி ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"சுத்தியல் பட்டுது."

"சுத்தியல எந்தக் கையில பிடிப்பீங்க?"

இவர் வலது கையைத் தூக்கினார். கறுத்த கட்டைவிரல் அந்தக் கையில்தான் இருந்தது.

சுத்தியல் பிடிக்கிற கையில் சுத்தியல் எப்படிப் படும்? ஒரு நூல் கோணினால் கதவையே கழற்றிப் போடுகிற ஆறு பேர். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது, அடுத்தது எனக்கே.

தோல் புற்றுநோய். நகத்துக்கடியிலும் வருமாம். கோடு மெலிதாக இருந்தபோதே வந்திருந்தால் விரல் நுனியோடு போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு கட்டைவிரலையே எடுத்தார்கள்; அப்படியும் நோய் பரவி அக்குளில் கட்டி.

"பிழைச்சிருவாரா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றார். அந்த வார்த்தையை இரண்டு வருஷம் இவர் வாயால் கேட்டு நானும் சும்மா இருந்தவள்தானே.

மறுநாள் பட்டறைக்குப் போய் மெஷினை நிறுத்தினேன். எல்லாரையும் பலகைமேல் கையை வைக்கச் சொன்னேன். கொழுந்தனின் ஒரு நகத்தில் கறுப்பு.

"இது இடது கை அண்ணி. நெசமாவே அடிபட்டதுதான்."

"எப்ப பட்டுது?"

வாயைத் திறந்தான். ஞாபகம் வரவில்லை.

"சட்டைய மாத்து" என்றேன். "கெளம்பலாம்."